வேலை போனதும் பிரியாணிக் கடையா?

வட சென்னையில் எண்ணூர், மணலிப் பக்கம் ஆலைகளில் கான்ட்ராக்ட் முடிந்து செட்டில்மென்ட் பணத்தோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், பிரியாணிக் கடை போட லோன் கிடைக்குமா?" எதற்காகக் கடை என்றால், "சொந்தக் கால்ல நிக்கணும் சார்." கொஞ்சம் துருவினால் உண்மை வரும். வேறு வேலை கிடைக்கவில்லை.

அதில் வெட்கம் என்ன? 1999 முதல் பல நாடுகளில் ஆய்வு நடத்தும் குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர், தொழில் தொடங்கும் காரணங்களை இப்போது நான்காகக் கேட்கிறது: உலகை மாற்ற, பெரும் செல்வம் சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை அரிதாக இருப்பதால் பிழைக்க. இந்தியாவில் பெரும்பாலோர் கடைசிக் காரணத்துக்கு ஆமாம் போடுகிறார்கள்.

என் எரிச்சல் வேறு. "அமெரிக்காக்காரன் வேலையை விட்டுட்டு ஜெயிக்கலையா?" என்று கேட்கும் மேடைப் பேச்சாளர்கள். பணக்கார நாட்டில் கைவசம் வேலை இருக்கும்போதே வாய்ப்பைப் பார்த்து இறங்குகிறவர்கள் அதிகம். தோற்றால் திரும்பிப் போக இன்னொரு வேலை உண்டு. ஏழை நாடுகளில் சிறுதொழில் தொடங்குவோர் விகிதம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அது வளர்ச்சியின் அடையாளம் இல்லை சாமி, சம்பள வேலை போதவில்லை என்பதன் அடையாளம். ஆலைகள் பெருகிச் சம்பளம் நிலையானால் பலர் பெட்டிக்கடையை மூடிவிட்டு வேலைக்குப் போவார்கள். இங்கே தோற்றால் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். அங்கே இறங்குகிறவனுக்கும் இங்கே இறங்குகிறவனுக்கும் ஒரே அறிவுரையா?

பிழைப்புக்காக இறங்கினால் கணக்கும் பிழைப்புக் கணக்காக இருக்கட்டும். மாதம் வாடகை 15,000, ஆள் சம்பளம் 15,000, கரண்ட் 4,000 என்று வையுங்கள். ஒரு பிளேட்டில் சரக்குச் செலவு போக 35 ரூபாய் நின்றால், கடைக்கு மட்டுமே தினமும் 33 பிளேட் ஓடவேண்டும். வீட்டுக்கு 20,000 சேர்த்தால் 52. மழை நாளுக்கும் சேர்த்துத்தான். பத்து மாத அட்வான்ஸில் 1,50,000 முடங்கினால் சரக்குக்குக் கை வறளும். உடனே தண்டல்காரர் வாசலில் நிற்பார். 10,000 என்று எழுதி 8,500 கையில் தந்து, நூறு நாள் நூறு ரூபாய் வாங்குவதை "பதினஞ்சு பர்சன்ட்தான்" என்பார்கள். அசல் தினமும் குறைவதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம்!

ஆறு மாத வீட்டுச் செலவைத் தொடாமல் ஒதுக்குங்கள். முதலில் தள்ளுவண்டி, பிறகு கடை. கல்லாவிலிருந்து பிள்ளைகள் ஃபீஸ் எடுக்காதீர்கள், தயவுசெய்து. கடனே வேண்டுமென்றால் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு என்ற சிறுகடன், 50,000 வரை, அடமானம் இல்லை. பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் மானியம் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்து, தொழில் ஓடுவது உறுதியானால் கடனில்தான் கழியும். அதை நம்பிச் சீட்டு எடுக்காதீர்கள். சிறுதொழிலை அரசிடம் பதியும் உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்குக் காசு கேட்கும் புரோக்கரிடம் ஆதார் ஓடிபி சொல்லாதீர்கள்.