போர்டிகோவில் ஒரு பழைய ஜீப்: எஞ்சினைத் திறக்கும் முன்

தேனிப் பக்கம் ஜீப் என்பது பொழுதுபோக்கு இல்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறி, சாயங்காலம் இறக்கிவிடுகிற வண்டி. எங்கள் பட்டறைக்கு வருவதும் பெரும்பாலும் அந்த வண்டிகள்தான். இப்போது இன்னொரு வகையும் வருகிறது. சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கிற தம்பிகள் பழைய மஹிந்திரா ஜீப் மாடல்களான சிஜே 3பி, எம்எம் 540, எப்போதாவது நிஜமான அமெரிக்க வில்லிஸ் என்று எதையாவது வாங்கி, வீட்டிலேயே பிரித்து, பாதியில் மாட்டிக்கொண்டு டோ பண்ணிக் கொண்டுவருவார்கள். வீட்டில் செய்வதை நான் குறை சொல்லவே மாட்டேன். கம்ப்யூட்டர் இல்லாத, சென்சார் இல்லாத, பதினைந்து ஸ்பேனரில் முக்கால்வாசி பிரிந்துவிடுகிற வண்டி இது. பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. வருகிற எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கார்ப்பரேட்டர் எது போடலாம், ஹரிக்கேன் என்கிற பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு பிஸ்டன் கிடைக்குமா, டீசலுக்கு மாற்றலாமா. தப்பாகப் பூட்டிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, புகை தள்ளும், பணம் தின்னும். பெரும்பாலும் அவ்வளவோடு போய்விடும். ஆளுக்கே ஆபத்து வருவது ஜாக்கி, பிரேக், டேங்க், சக்கரம் இந்த நான்கில். அதை யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஹேண்ட்பிரேக். ஒரு தம்பி நெற்றியில் தையலோடு வந்தார். பின்சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி போட்டிருக்கிறார், வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. "ஹேண்ட்பிரேக் இழுத்துத்தாண்ணே இருந்துச்சு, கியர்லயும் போட்டிருந்தேன்" என்றார். இரண்டும் உண்மைதான். ஆனால் கார் பழக்கத்தில் யோசித்திருக்கிறார். கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். பழைய ஜீப்புகளில் அது சக்கரத்தில் இல்லை. எஞ்சின் பலத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், அந்தப் பலத்தைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் பூட்டுகிற இடத்தில் ஒரு சின்ன டிரம்மாக இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்டை மட்டும். ஷாஃப்ட் நின்றாலும், பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தால் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறாகச் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்யும்: தரையில் உள்ள சக்கரம் முன்னால் உருளும், தூக்கிய சக்கரம் அதே அளவுக்குப் பின்னால் சுற்றும். வண்டி தாராளமாக நகரும். கியரில் போடுவதும் இதே கதைதான், அதுவும் அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. நம் ஊர் போர்டிகோ மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று தெருவைப் பார்த்துச் சரிவாகத்தான் கட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு போதும். போதாக்குறைக்கு, டிரான்ஸ்பர் கேஸின் பின் ஆயில் சீல் ஒழுகி ஹேண்ட்பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடப்பது இந்த வண்டிகளில் சகஜம்.

அதனால் ஜாக்கி வைக்கும் முன் தரையில் இருக்கப்போகிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஃபோர்வீலைப் போட்டு, முன்சக்கர நடுவிலிருக்கிற ஹப்பையும் லாக் செய்துவிட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். ஆனாலும் கட்டை கட்டைதான். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் சேஸுக்கோ ஆக்சில் ஹவுசிங்குக்கோ கீழே இரும்பு ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, ஒரு தடவை பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு அப்புறம் அடியில் போங்கள். ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் கூடாது. நன்றாகத் தாங்குவது போலவே நின்று, முன்னறிவிப்பில்லாமல் ஒரே நொடியில் பொடியாகும். மேலே நிற்பது ஆயிரம் கிலோவுக்கு மேல். கழற்றிய சக்கரத்தைச் சும்மா ஓரமாகச் சாத்தி வைக்காமல் சேஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஸ்டாண்ட் சறுக்கினாலும் ஆள் நுழையும் இடைவெளியாவது மிஞ்சும்.

சக்கரம் என்றதும் இன்னொன்று. ராணுவ வில்லிஸ் கிடைத்தவர்கள் ரிம்மைக் கவனமாகப் பாருங்கள். 'காம்பாட் ரிம்' என்று சொல்லும் வகை இரண்டு பாதிகளை நட்டு போட்டு இறுக்கியது. ஹப்பில் பிடிக்கிற ஐந்து நட்டுகள் ஒரு வட்டம். ரிம்மின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கிற எட்டு நட்டுகள் இன்னொரு வட்டம். டயரில் காற்றிருக்கும்போது அந்த எட்டில் கைவைத்தால் ரிம் வெடித்துப் பறக்கும், எதிரில் இருப்பவர் பிழைப்பது கஷ்டம். டயர் தொடுகிற வேலை எதுவானாலும் முதலில் வால்வின் உள்ளே இருக்கிற பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்குங்கள். வில்லிஸில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை, அதாவது வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் குழாய் செருகி, மேலே ஏறி மிதித்து, நட்டு ஏறுகிற ஸ்டட்டை முறித்துக்கொண்டு வருவார்கள்.

இனி பிரேக். என்னைக் கேட்டால் புதுப்பிக்கிற வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெயின்ட் அடித்து, கேன்வாஸ் ஹூட் தைத்துப் போட்டு, படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது, பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர் மட்டும் முந்தைய ஓனர் விட்டுப்போனது என்றால் அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன். பழைய ஜீப்பின் பிரேக் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே அறை. இப்போதைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறு பாதி வண்டியை நிறுத்தும். இதில் சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர் ஒன்றின் ரப்பர் கிழிந்தால் போதும், பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் இருப்பதும் பானெட்டுக்குள் இல்லை, ஓட்டுபவர் காலுக்கு அடியில். தரையில் இருக்கிற சின்னத் தகட்டைத் திறந்துதான் ஆயில் பார்க்க வேண்டும். மிதியடிக்குக் கீழே இருப்பதை யார் பார்க்கிறார்கள்? சேறும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியானால் பிரேக் ஆயிலை 'டாப்-அப்' செய்து ஏமாறாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். சமவெளியில் இது தெரியவே தெரியாது. குமுளி மலையில் இறங்கும்போது டிரம் சூடேறி, உள்ளே ஆயில் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி போகும். வேறொரு கொடுமையும் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். கொஞ்ச நாளில் ரப்பரெல்லாம் உப்பி, பிரேக் பிடித்தது விடாது. அப்படிப்பட்ட வண்டியில் கழுவி ஊற்றுவது வேலைக்காகாது. மாஸ்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் என்று ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்றுங்கள். இரும்புக் குழாயைச் சேஸோடு கிளிப் பிடித்த இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள், துரு அங்கேதான் உட்கார்ந்து தின்னும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற கருந்தூளைக் கம்ப்ரஸர் வைத்து ஊதுவது எல்லாப் பட்டறையிலும் இருக்கிற பழக்கம், பெரிய மெக்கானிக்குகளே செய்வார்கள். அதைப் பார்த்துப் பழகாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்குள் போன அந்த நார் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். பழைய பெயின்டை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்கும் இதே எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், போர்டிகோவில் குழந்தைகள் விளையாடுகிற வீடென்றால் உலர்ந்த தேய்ப்பே வேண்டாம். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகத்தில் நல்ல மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை மாஸ்க் ஆகாது.

டேங்க் விஷயத்தில் நான் சமரசமே செய்வதில்லை. சிஜே 3பியில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கும், அடிப்பகுதி துருப்பிடித்துக் கசிவதும் வழக்கம். "காலி டேங்க்தானே, ஒரு பொட்டு வெல்டிங் வெச்சிரலாம்" என்பார்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம். எரிவது திரவம் இல்லை, ஆவி. காற்றில் சுமார் ஒன்றரை சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பொறிக்குப் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் மடிப்புகளிலும் துருவிலும் ஊறியிருக்கிற பெட்ரோல் சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். வீட்டில் இதைத் தொடவே தொடாதீர்கள், புது டேங்க் வாங்கிவிடுங்கள். கழற்றி வைத்த டேங்கை வெல்டிங், கிரைண்டர் நடக்கிற இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து வரும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள், எர்த் முனை முதலில்.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. லுங்கியோடு வேலை பார்க்காதீர்கள். சிரிக்காதீர்கள், பழைய ஜீப்பின் ரேடியேட்டர் ஃபேன் திறந்த இரும்புத் தகடு. தோளில் கிடக்கிற துண்டும் அப்படித்தான். கிரைண்டரின் கவரைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் போடுகிற கெட்டிக்காரத்தனமும் வேண்டாம்.

ஸ்டீயரிங்கைப் பற்றிச் சுருக்கமாக. இந்த வண்டிகளில் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து அசைவு நடுவிலுள்ள பெல் கிராங்க் என்கிற திருப்பு நெம்புகோல் வழியாகத்தான் சக்கரங்களுக்குப் போகிறது. அது சுழல்கிற முளையும் (பின்) புஷ்ஷும் தேய்ந்தால் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும். முன்சக்கரம் திடீரென்று கிடுகிடுவென்று ஆடுவதற்கு எல்லோரும் முதலில் டயர் பேலன்ஸ் பார்ப்பார்கள். முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் பேரிங்கைப் பாருங்கள்.

இதெல்லாம் உடம்புக்கு. காகிதத்துக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை உண்டாக்குவது கிரைண்டர். சேஸின் துருவை வழித்து, ஒட்டுப்போட்டு, வழுவழுப்பாக்குகிற ஆசையில் அங்கே அடித்திருக்கிற சேசிஸ் எண்ணையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வுக்குப் போனால் அந்த எண்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். எண் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு செலவழித்திருந்தாலும் அது யாருடைய வண்டி என்று நிரூபிக்க முடியாது. வேலை தொடங்குவதற்கு முன்பே எண்ணைக் கண்டுபிடித்து, படமெடுத்து, ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்து, அந்த இடத்துக்கு கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். வாங்கும் முன்பே இதைப் பார்ப்பது இன்னும் நல்லது.

தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு, அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பெட்ரோலாகப் பிறந்து பாதியில் டீசலான ஜீப்புகள் நம் பக்கம் ஏராளம். ஆர்.சி.யில் இன்னும் 'பெட்ரோல்' என்றே இருந்தால் பின்னால் தலைவலி உங்களுக்குத்தான். எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி முறையான அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் செல்லாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதிகள் இருக்கின்றன. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதியே கிடையாது. ஆகவே 1960-களின் ஜீப்பில் பவர் ஸ்டீயரிங்கும் புது டீசல் எஞ்சினும் வைக்கத் திட்டமிடுகிறவர், எந்தப் பதிவில் போகப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது என்றால் முதல் ஓட்டத்துக்கு ரோட்டுக்குப் போகாதீர்கள். நிற்கிற இடத்திலேயே பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. அப்புறம் காலி மைதானத்தில், முதல் கியரில், மெதுவாக. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் கமான் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், புதிதாகப் பூட்டியது எல்லாம் கொஞ்சம் தளரும். இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் நடுவில் கறுப்புச் சொட்டு இருந்தால் கவலை வேண்டாம், பழைய ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸ் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருந்தால் மட்டும் அன்றைக்கு வண்டியை எடுக்காமல் டிரம்மைக் கழற்றுங்கள்.