தார்: சொல் விளக்கம்

தமிழில் தார் என்றால் மாலை, வாழைக்குலை, சாலையில் ஊற்றும் கீல் எனப் பல பொருள் உண்டு. இங்கு விளக்கப்படுவது ஈரானின் செவ்விசையில் தலைமை பெற்ற நரம்புக்கருவி. பாரசீகத்தில் 'தார்' என்பது இழை, நரம்பு ஆகியவற்றைக் குறிக்கும்; நெசவில் நெட்டிழையான பாவு, குறுக்கிழையான ஊடை இரண்டையும் சேர்த்து 'தாரோபூத்' என்கிறார்கள். இரண்டு நரம்புடையது தோதார், மூன்றுடையது சேதார். இன்றைய சேதாருக்கு நரம்பு நான்கு, ஆனாலும் பெயர் மாறவில்லை. வட இந்திய சிதாரின் பெயரும் இச்சொல்லிலிருந்தே வந்தது.

தாரின் உடல் முசுக்கட்டை மரத்தில் குடையப்படுகிறது. முன்னிருந்து பார்த்தால் எட்டு என்ற எண்ணைப் போல, அளவில் வேறுபட்ட இரு குடங்கள் இணைந்து தெரியும். பெரியதற்குக் 'காசே' (கிண்ணம்) என்றும், தண்டியை ஒட்டிய சிறியதற்கு 'நகாரே' என்றும் பெயர். பின்னது நம் கோயில்களில் முழங்கும் நகராவின் பெயரேதான். இரண்டின் வாயிலும் பிறவாத ஆட்டுக்குட்டியின் மெல்லிய தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். நரம்புகளைத் தாங்கும் 'குதிரை' என்னும் சிறு கட்டை பெரிய தோலின்மேல் நிற்பதால், ஆறு நரம்புகளின் அதிர்வு பலகையில் அன்றித் தோலிலேயே இறங்குகிறது. சுரத்துக்காக விரலால் அழுத்தும் இடங்களைக் குறிக்கும் மெட்டுகள் உலோகத்தால் ஆனவை அல்ல. தண்டியில் சுற்றிக் கட்டிய குடல்நரம்புகள். எனவே அரைச்சுரத்திலும் நுண்ணிய இடைவெளிகளுக்கு ஏற்ப அவற்றை நகர்த்திக்கொள்ளலாம். மீட்டுவது ஒரு முனையில் தேன்மெழுகு பொதிந்த பித்தளை மெஸ்ராப் என்னும் மீட்டுகருவியால். தெஹ்ரானில் வாழ்ந்த ஆர்மீனியக் கைவினைஞர் யஹ்யா செய்த தார்கள் இன்றும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. அசர்பைஜானில் மார்போடு அணைத்து வாசிக்கும் பதினொரு நரம்புத் தார் வேறு வகை. யுனெஸ்கோ 2012இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது அதன் செய்கலையையும் வாசிப்புக் கலையையும்தான்.

ஈரானியத் தாரைத் தமிழில் 'பாரசீக யாழ்' என்று பெயர்ப்பது பொருந்தாது. யாழில் சுரத்துக்கொரு நரம்பு; தாரிலோ ஒரே நரம்பை மெட்டுக்கு மெட்டு அழுத்திப் பல சுரம் எழுப்புகிறார்கள். 'வீணை' என்றாலும் தோல் மூடிய குடம் விடுபடும். ஆனால் உறுப்புகளுக்கு யாழின் சொற்கள் வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன: குடத்துக்குப் பத்தர், அதை மூடிய தோலுக்குப் போர்வை, தண்டியில் வரிந்த நரம்புக்கட்டுக்குத் திவவு. ஆகவே கருவியின் பெயரைத் 'தார்' என்றே வைத்துக்கொண்டு, முதல்முறை எழுதும்போது 'தார் என்னும் பாரசீக நரம்புக்கருவி' என்று குறிப்பதே தக்கது.