இஸ்லாமோஃபோபியா: அச்சமா, வெறுப்பா?

2022 அக்டோபர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஹாம்லின் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் ஒரு கலை வரலாற்று வகுப்பு. வானவர் ஜிப்ரீலிடமிருந்து நபிகள் நாயகம் முதல் இறைச்செய்தியைப் பெறும் ஓவியம் திரையில் வந்தது. ஈரானில் மங்கோலிய அரசவையின் அமைச்சராக இருந்த ரஷீதுத்தீன் என்ற முஸ்லிம் அறிஞரின் வரலாற்று நூலுக்காக 14ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்டது அது. இப்படி ஒரு படம் வரும் என்று விரிவுரையாளர் பாடத்திட்டத்திலும் சொல்லியிருந்தார், காட்டுவதற்கு முன்பும் சொன்னார். நபியை உருவமாகக் காட்டக் கூடாது என்பது முஸ்லிம்கள் பலரின் நம்பிக்கை. மாணவி ஒருவர் புகார் செய்தார். நடந்தது மறுக்க முடியாத இஸ்லாமோஃபோபியா என்ற பொருளில் நிர்வாகம் மின்னஞ்சல் அனுப்பியது. விரிவுரையாளருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு இல்லை. 2023 ஜனவரியில் அதே நிர்வாகம், அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது தவறு என்று அறிக்கை விட்டது.

இவ்வளவு பாடுபடுத்திய சொல்லின் பின்பாதி கிரேக்கம். 'ஃபோபோஸ்' என்றால் அச்சம்; ஹோமர் காலத்தில் அஞ்சி ஓடுவதையும் குறித்தது. மருத்துவர்கள் அதை எடுத்து நோய்ப் பெயர்களில் ஒட்டினார்கள். ஆனால் இஸ்லாமோஃபோபியா மருத்துவமனையில் பிறந்ததல்ல. 1910 வாக்கில், பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் ஆட்சிமுறையைப் பற்றி எழுதியவர்களிடம் 'இஸ்லாமோஃபோபி' என்று தென்படுகிறது. ஆங்கிலத்தில் அது ஊரறிந்த சொல்லானது 1997இல், பிரிட்டனின் ரன்னிமீட் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையால்தான். இஸ்லாம் மீதான அச்சம் அல்லது வெறுப்பு, அதன் விளைவாக முஸ்லிம்கள் மீதான அச்சம் அல்லது வெறுப்பு என்று அது விளக்கியது.

சிக்கல் அந்த 'அதன் விளைவாக'வில் இருக்கிறது. மதம் ஒன்று, மனிதர்கள் வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டாயிற்று. ஹிஜாப் அணிந்த மாணவியைப் பேருந்து நிறுத்தத்தில் வைதாலும் இதே சொல்தான், இறையியல் வகுப்பில் வஹீ எனப்படும் இறைச்செய்தி பற்றிக் கேள்வி கேட்டாலும் சிலர் வாயில் இதே சொல்தான். முன்னது மனிதரைத் தாக்குவது. பின்னது பல்கலைக்கழகம் இருப்பதே எதற்காகவோ அது. அதே அறக்கட்டளை 2017இல் விளக்கத்தைச் சுருக்கி, முஸ்லிம்களுக்கு எதிரான இனவெறி என்றது. முடிச்சு கொஞ்சம் தளர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இஸ்லாமிய அச்சம்' சரிவராது. தொல்காப்பியம் அச்சத்துக்குச் சொல்லும் நான்கு காரணங்கள் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). பேருந்து நிறுத்தத்தில் அந்த மாணவியை வைபவர் இவற்றில் எதைக் கண்டு நடுங்குகிறார்? அவரிடம் இருப்பது பெரும்பாலும் வெறுப்பு. நாளிதழ்கள் எழுதும் 'இஸ்லாமிய வெறுப்பு' என்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. இஸ்லாமிய இலக்கியம், இஸ்லாமியக் கட்டடக்கலை என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு அது இஸ்லாம் கொண்டிருக்கும் வெறுப்பு என்றும் படும். பொருள் தலைகீழாகிவிடும்!

ஆகவே எனக்குப் பிடித்தது 'முஸ்லிம் வெறுப்பு'. தாய்ப்பாசம் போல இதையும் இருபக்கமும் படிக்கலாம் என்பது உண்மைதான். இடமிருந்தால் 'முஸ்லிம்கள் மீதான வெறுப்பு' என்று விரித்துவிடலாம். மதத்தை ஆராய்ந்து மறுப்பதற்கு 'இஸ்லாம் மீதான விமர்சனம்' போதும். தமிழில் எழுதும்போது இரண்டில் எது என்று நாம் முடிவு செய்தே ஆக வேண்டியிருக்கிறது. அந்த வசதி ஆங்கிலச் சொல்லில் இல்லை.

ஹாம்லின் மின்னஞ்சலை மொழிபெயர்க்கும்போது மட்டும் இந்த இரண்டுமே உதவாது. அந்த வகுப்பில் வெறுப்பும் இல்லை, விமர்சனமும் இல்லை. ஒரு முஸ்லிம் அறிஞரின் நூலுக்காகப் பிறந்த ஓவியத்தைப் பற்றிய பாடம் இருந்தது. அங்கே நான் ஒலிபெயர்ப்பையே மேற்கோள் குறிக்குள் வைத்து, 'இஸ்லாமோஃபோபியா என்று நிர்வாகம் குற்றம் சாட்டியது' என்றுதான் எழுதுவேன்.