புளித்த கால்வாயில் இரண்டு பிழைப்புகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் கால்வாய்க் கரைதோறும் ஊதாப் பூக்களோடு சென்டுடோக் செடி நிற்கும். பழம் வெடித்துக் கருநீலச் சதை தெரிந்ததும் கொண்டைக்குருவிகள் வந்துவிடும், தோட்டத்துப் பிள்ளைகளும்தான். திருடித் தின்றவரை நாக்கே காட்டிக்கொடுக்கும். அதே கால்வாயில் நீர்நாய் கண்ணில் பட அதிர்ஷ்டம் வேண்டும். அதன் கூச்சம் ஒரு காரணம் என்றால், தண்ணீர் இன்னொரு காரணம்.

சிலாங்கூர்க் கடலோரத் தாழ்நிலங்களில் பல, ஒரு காலத்தில் அலையாத்திக் காடுகள். காற்றுப் புகாத அந்தச் சேற்றில், கடல்நீரின் சல்பேட்டையும் மண்ணின் இரும்பையும் கொண்டு நுண்ணுயிர்கள் பைரைட் என்ற கனிமத்தை உருவாக்கின. நீருக்கடியில் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. கால்வாய் வெட்டி நீர்மட்டம் இறங்கினால் காற்று பட்டுக் கந்தக அமிலம் பிறக்கிறது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) மண்ணில் 3.5-க்கும் கீழே போகும். கரையை வெட்டிப் பார்த்தால் வைக்கோல் மஞ்சளில் திட்டுகள் தெரியும். அந்த அமிலம் களிமண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து வெளியே விடுகிறது.

பெரும்பாலான பயிர்களுக்குக் கரைந்த அலுமினியம் பட்டால் வேர்நுனி வளராது. சென்டுடோக் அதை உள்ளே அழைத்துக்கொள்கிறது. தண்டில் ஏறும்போது சிட்ரேட், இலையில் ஆக்சலேட் என்ற தன் சொந்த அமிலப் பொருள்களோடு பிணைத்து நஞ்சை முடக்கிவிடுகிறது. ஒரு கிலோ உலர்ந்த இலையில் 10 கிராமுக்கு மேலும் அலுமினியம் இருக்கலாம். அலுமினியம் கொடுத்தால் அது இன்னும் செழிப்பாக வளர்வதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இத்தனை கெட்டிக்காரச் செடியைத்தான் களை என்று வெட்டி எறிகிறோம்.

நீர்நாயின் வழி நேர்மாறானது. தண்ணீரைத் தோலில் படவே விடாது. சீலுக்கு இருப்பதுபோல் தடித்த கொழுப்புப் படலம் அதற்கு இல்லை, ரோமம்தான் காப்பு. வெளியே நீண்ட முடி, அடியில் நெருக்கமான மென்முடி. மென்முடியின் நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக் காற்றைச் சிறைபிடிக்கின்றன. அது முங்கும்போது குமிழிகள் எழுவது, நீரின் அழுத்தத்தில் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்குவதால்தான். கரையேறியதும் உடலை உதறி மணலில் புரள்வதும் ரோமத்தை உலர்த்திச் சீர்செய்யத்தான்.

ஆனால் 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ள வழுவழுப்பு ரோம நீர்நாய்க்கு மீன்தான் முக்கிய உணவு. அமில நீரில் வரும் அலுமினியம் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கிறது. தோலைத் தொட முடியாத தண்ணீர் நீர்நாயை வயிற்றில் அடிக்கிறது.

மடை வைத்து நீர்மட்டத்தைப் பைரைட் அடுக்குக்கு மேலே நிறுத்தினால் அமிலம் அடங்கும். அது செம்பனைக்கும் நல்லது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் பெருமழைதான் ஆபத்தானது, சேர்ந்த அமிலத்தை எல்லாம் ஒரே மூச்சில் கால்வாயில் கொட்டிவிடும். அப்போது தண்ணீர் வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தால் மகிழ வேண்டாம்: அலுமினியம் சேற்றைத் திரட்டி அடியில் படிய வைத்திருக்கும்.