டேப்பைச் சாய்வாக வெட்டுவது ஏன்?

கணினி இல்லாத காலத்தில் ஒரே தாளத்துணுக்கை நிமிடக்கணக்கில் எப்படி ஓடவிட்டார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரைக் கேட்கவைத்தது '24 ட்ராக் லூப்'. லண்டன் குழு திஸ் ஹீட்டின் முதல் ஆல்பத்தில் வரும் ஆறு நிமிட விநோதம். பங்க் ராக் இசையின் அலை அடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவாகி, 1979இல் வெளிவந்த ஆல்பம் அது. சார்ல்ஸ் புல்லன், சார்ல்ஸ் ஹேவர்ட், கேரத் வில்லியம்ஸ் என்று மூன்றே பேர். வில்லியம்ஸ் இசை படித்தவரே இல்லை. பிரிக்ஸ்டனில் சும்மா கிடந்த இறைச்சிக் குளிர்பதன அறையை ஸ்டூடியோவாக்கி, 'கோல்டு ஸ்டோரேஜ்' என்றே பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

டேப் பள்ளிப் பாடம்தான். பிளாஸ்டிக் பட்டையில் இரும்பு ஆக்சைடு பூச்சு. ஒலி அதில் காந்த வடிவில் பதிகிறது. டேப் திரும்ப ஓடும்போது, அது உரசிச் செல்லும் 'ஹெட்' என்ற காந்தத் தலையின் சுருளில் ஃபாரடே விதிப்படி மின்னழுத்தம் எழுகிறது. லூப் வேண்டுமென்றால் துணுக்கை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்க வேண்டும். விநாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஐந்து விநாடித் துணுக்கு 1.9 மீட்டர் நீளும். இயந்திரத்தில் அடங்காது. பக்கத்தில் ஒரு மைக் ஸ்டாண்டை நிறுத்தி அதைச் சுற்றி ஓடவிடுவார்கள்.

சரி, ஒட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்காதா? நேராக வெட்டினால் பெரும்பாலும் கேட்கும். இசைக்கும் ஹெட்டுக்குக் காந்தம் எவ்வளவு வலுவானது என்று தெரியாது. எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது மட்டுமே தெரியும். துணுக்கின் முடிவும் தொடக்கமும் ஒட்டிய இடத்தில் பொருந்தாவிட்டால் ஒரே தாவல், அதனால் மின்னழுத்தத்தில் ஒரு முள். சாய்வாக வெட்டினால் கதையே வேறு. ஹெட்டின் மெல்லிய இடுக்கு டேப்புக்குக் குறுக்கே நிற்கிறது. அதன் ஒரு ஓரம் துணுக்கின் தொடக்கத்தைத் தொடும்போது மீதி இன்னும் அதன் முடிவில் இருக்கும். 6.3 மி.மீ. அகல டேப்பை 45 டிகிரியில் வெட்டினால் இந்தக் கைமாற்றம் சுமார் 17 மில்லிவிநாடி நீடிக்கும். ஒன்று தேயத் தேய மற்றது வளரும். ஒரு பிளேடு, கொஞ்சம் வடிவியல், அவ்வளவுதான்!

பிளேடு காந்தமேறியிருக்கக் கூடாது. இருந்தால் வெட்டும்போதே தன் பங்குக்கு ஒரு 'டொப்' சத்தத்தைப் பதிந்துவிடும். காந்தம் நீக்கிவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள்.  

24 தட டேப்பில், அதாவது 24 ஒலிகள் பக்கம் பக்கமாகத் தனித்தனிக் கோடுகளில் பதியும் டேப்பில், இந்தத் தந்திரம் அப்படியே பலிக்காது. அகலம் 5 செ.மீ., ஒரு தடம் ஏறக்குறைய 1 மி.மீ. தான். 45 டிகிரியில் வெட்டினால் முதல் தடத்தின் ஒட்டுக்கும் கடைசித் தடத்தின் ஒட்டுக்கும் இடையே 0.13 விநாடி. சில தடங்களில் ஒட்டு ட்ரம் அடிக்கு முன்னும், சிலவற்றில் பின்னும் விழும். ஆகவே அகல டேப்பில் வெட்டு நேர் வெட்டை நெருங்க வேண்டும், ஒட்டைப் பலமான அடியின் மேலேயே வைத்து மறைக்க வேண்டும். பெரிய சத்தம் பக்கத்துச் சின்னச் சத்தத்தை விழுங்கிவிடும். காதின் பலவீனம் இங்கே உதவி.

அப்புறம், '24 ட்ராக் லூப்'பின் ஆறு நிமிடமும் டேப்பில் எதுவும் மாறுவதில்லை. எந்தத் தடம் எப்போது மேலே வர வேண்டும் என்று தடங்களின் ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் மிக்ஸிங் மேசையில் விரல்கள் முடிவுசெய்கின்றன. அந்தப் பாட்டில் வாசிக்கப்பட்ட முக்கிய வாத்தியம் அந்த மேசைதான் என்பேன்.