அட்-ஹாக் பிணையம்: நடுவமில்லாப் பிணையம்

லத்தீனில் 'அட் ஹாக்' என்றால் 'இதற்கென்று'. ஒரே ஒரு வேலைக்காகப் போடும் குழுவை அட்-ஹாக் கமிட்டி என்பது இதனால்தான். 1997இல் வெளியான 802.11 தரம் (வைஃபையின் அடிப்படை) கம்பியில்லாப் பிணையத்துக்கு இரண்டு அமைப்புகளை வகுத்தது. ஒன்றில் எல்லாக் கருவிகளும் அணுகுமுனை (ஆக்சஸ் பாயின்ட்) வழியாகப் பேசும். மற்றதில் அணுகுமுனையே கிடையாது, கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். பின்னதற்குத் தரத்தில் உள்ள பெயர் ஐபிஎஸ்எஸ் (IBSS). அட்-ஹாக் என்பது வழக்குப் பெயர்.

இதைத் 'தற்காலிகப் பிணையம்' என்று எழுதுவது பொருந்தாது. ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் அது அட்-ஹாக்தான். 'நடுவமில்லாப் பிணையம்' என்றால் தொழில்நுட்பமும் விளங்கும். (போனின் ஹாட்ஸ்பாட்டைச் சிலர் அட்-ஹாக் என்கிறார்கள். அங்கே போனே அணுகுமுனையாகிவிடுகிறது.)

இதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை நடுவம் இல்லாததால் வருபவை. ஐபி முகவரி (பிணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுக்க டிஎச்சிபி என்ற சேவை இருக்காது; கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்குக் கையால் எண் கொடுத்து மற்றதை அப்படியே விட்டால் இரண்டும் பேசாது. எல்லாவற்றுக்கும் கையால் கொடுப்பதே நல்லது: 192.168.5.1, 192.168.5.2 என்று வரிசையாக, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. பிணையப் பெயர், சேனல், பாதுகாப்புச் சாவி மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்படி இருந்தும் சில நேரம் இணையாது. ஒன்றின் அலை மற்றொன்றுக்கு எட்டாத நேரத்தில் இரண்டும் தனித்தனியே பிணையத்தைத் தொடங்கியிருக்கும். பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பிஎஸ்எஸ்ஐடி (பிணையத்தின் அடையாள எண்) வேறு. பின்னர் அருகில் கொண்டுவந்தால் இரண்டும் தாமே ஒன்றாக வேண்டும். பல வைஃபை டிரைவர்களில் (வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள்) அது நடப்பதில்லை. பிஎஸ்எஸ்ஐடியையும் கையால் ஒன்றாக வைத்துவிட்டால் தீரும்.

இன்னொரு குறை, இது தகவலைக் கைமாற்றித் தராது. அ-வுக்கு ஆ கேட்கும், ஆ-வுக்கு இ கேட்கும் என்பதால் மட்டும் அ அனுப்பியது இ-க்குப் போய்ச் சேர்ந்துவிடாது. அதற்கு மேலே தகவல் போகும் வழியைக் கண்டுபிடிக்கும் ஒரு வழித்தேடு நெறிமுறை வேண்டும், அல்லது கருவிகளே தகவலைக் கைமாற்றித் தரும், 2011இல் வந்த 802.11எஸ் மெஷ் வேண்டும். அணுகுமுனை உள்ள அமைப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே இரு கணினிகளுக்கிடையே போகும் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

விண்டோஸ் 8 முதல் அட்-ஹாக் அமைக்கும் வசதி அமைப்புத் திரையில் இல்லை. லினக்ஸில் உண்டு, 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) கட்டளை காட்டும் மோடுகளில் ஐபிஎஸ்எஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.