சத்தியம் வாங்கிய மூன்றாம் நாள் இரவு

"அந்த சீரியல்ல வர்ற பொண்ணு மாதிரி எனக்குப் பேசத் தெரியல மேடம். அதான் அவர் மறுபடியும் குடிச்சுட்டார்."

போன வருடம் என் எதிரில் உட்கார்ந்து ஒரு பெண் இப்படிச் சொன்னார். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார், கார்மெண்ட்ஸில் டைலர் வேலை, கணவர் பெயிண்டர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். குடிநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், தமிழ் பேசும் குடும்பம் என்றால் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன், ஆனால் தன் பேச்சுத்திறமை போதாததால்தான் புருஷன் குடிக்கிறார் என்று ஒருவர் நம்பியதைக் கேட்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த சீன் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஹாலில் குடும்பமே கூடி நிற்கும், மனைவி மூச்சு விடாமல் பேசுவார், ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள், மகள் காலில் விழுவாள், அவர் உடைந்து அழுது பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். அடுத்த வாரம் அயர்ன் செய்த சட்டையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இவரும் அதையேதான் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜோலார்பேட்டையிலிருந்து தம்பியை வரவழைத்து, மாமியார், பெரியப்பா எல்லாரையும் உட்கார வைத்து, கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் வாங்கினார். அந்த மனிதர் அப்போது சத்தியத்தை மீறவில்லை. பத்து வருடமாகத் தினமும் குடித்தவர், அன்றைக்கே அடியோடு நிறுத்தினார். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிறு சாயங்காலமே காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில் கொட்டியது. திங்கள் விடியற்காலை ஃபிட்ஸ். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய் ராத்திரி அவர் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வெறும் கையை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தாராம். நடுவில் குனிந்து, இல்லாத வாளியில் பிரஷ்ஷை முக்குவது மாதிரி முக்கி, மறுபடியும் மேலும் கீழும். உடம்பெல்லாம் வேர்வை, மனைவியை "யாரு நீ" என்று கேட்டிருக்கிறார். மாமியார் காத்துக் கருப்பு என்று சொல்லி விபூதி மந்திரிக்க அழைத்துப் போனார். கேஷுவாலிட்டிக்கு வந்து சேரும்போது புதன் மத்தியானம். பிழைத்து வீடு திரும்பியவர் மறுபடியும் குடித்த பிறகுதான் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து அப்படிச் சொன்னார்.

மது மூளையை அமுக்கி வைக்கும். தினமும் அமுக்கினால் மூளை அதைச் சமாளிக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அமுக்குவதற்கு ஒன்றும் இருக்காது, வேகம் மட்டும் அப்படியே இருக்கும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். ஃபிட்ஸ் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பி, இல்லாததைப் பார்ப்பது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். செய்து பழகிய வேலையை வெறும் கையால் செய்வதும் அதில் உண்டு. எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போகாது, ஆனால் போனவருக்கு வைத்தியம் இல்லையென்றால் உயிரே போகலாம். வைத்தியம் சிக்கலானதும் இல்லை: அந்த வேகத்தைத் தணிக்கும் மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே பி1 வைட்டமின், அதாவது தயமின், ஊசி. அந்த ஊசி இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், ஏற்கெனவே பி1 வற்றிப்போன மூளைக்குப் பாதிப்பு வர வாய்ப்பு உண்டு. அதனால் "ட்ரிப்ஸ் போட்டா தெளிஞ்சுடுவார்" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

குழம்பிலோ மாவிலோ தெரியாமல் மாத்திரை கலக்குவதும் சீரியலில் வரும், நிஜத்திலும் நடக்கிறது. டைசல்ஃபிராம் மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, வீட்டில் பேசவே கூடாதா? பேசத்தான் வேண்டும், வேறு மாதிரி. 1999-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், குடிப்பவர் சிகிச்சைக்கே வர மறுக்கும் 130 குடும்பத்தினருக்கு மூன்று வழிகளில் ஒன்றைப் பழக்கினார்கள். கூட்டமாக உட்கார்ந்து நேருக்கு நேர் பேசும் வழியில் 30 சதவீதம் பேர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். அதைத் தொடங்கிய பல குடும்பங்களுக்கு அந்தக் கூட்டத்தை நடத்தவே மனசு வரவில்லை. அல்-அனான் வழியில் 13, ஆனால் அது குடும்பத்தார் மனம் தேறுவதற்கான குழு, அதன் நோக்கமே வேறு. தெளிவாக இருக்கும் நேரத்தில் அன்பாக நடந்துகொள்வது, போதையில் இருக்கும்போது விவாதிக்காமல் விலகுவது, அவருக்காக மேஸ்திரியிடம் பொய் சொல்லாமல் இருப்பது, சரியான தருணத்தில் சிகிச்சையைப் பற்றிக் கேட்பது என்று குடும்பத்தாருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்த வழியில் 64. அடி உதை இருக்கும் வீட்டில் இதற்கெல்லாம் முன்னால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் முதலில் சொன்னது, அவர் திரும்பக் குடித்தது உங்கள் பேச்சினால் இல்லை, இந்த நோயில் திரும்பக் குடிப்பது அடிக்கடி நடக்கும் என்பதுதான். அப்புறம் அந்தப் பொறுமையான வழியை இரண்டு மாதம் பழகினோம். ஒருநாள் காலை ஆறு மணிக்கு, மகள் எழுந்திருக்கும் முன்னால், "நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றேன், நீங்க வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். கணவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நடுவில் ஆயுத பூஜை சமயம் நான்கு நாள் குடித்தார், ஐந்தாம் நாள் அவரே வந்தார்.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று மத்திய அரசின் 2019 ஆய்வறிக்கை சொல்கிறது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. எந்த ஊராக இருந்தாலும் 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக எப்போது குடித்தார், ஒரு நாளைக்கு எத்தனை நைன்ட்டி (90 மில்லி) பாக்கெட் அல்லது குவார்ட்டர், முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸோ குழப்பமோ வந்ததா. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாயால் சொல்லச் சங்கடமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினால் போதும்.